வடத்தை விட்டவர்

இடது கை, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் இரும்பு உடம்பில் பதிந்திருக்கிறது. வலது கை பிரேக்கின் கைப்பிடியைத் தொடவில்லை. ஆனால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது. வாசலில் யாரோ கூப்பிட்டார்களோ என்று சந்தேகப்படுகிறவர் மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். காதில் விழ ஒன்றுமில்லை. எஞ்சின் சத்தம் அவருடைய காதுகளைப் பாதிக்குமேல் தின்றுவிட்டது. கேட்பதெல்லாம் அந்த உள்ளங்கைதான்.

"மணல்" என்கிறார். கொஞ்சம் கழித்து, "சிப்பி." பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கல்லு வருது. மெதுவா... மெதுவா..."

மேலே கேபினில் சுக்கான் பிடித்திருப்பவனுக்கு இது கேட்காது. ஆனாலும் சொல்லுவார். வலையை இறக்கும்போது மெதுவா, ஏற்றும்போது மெதுவா, டீ ஊற்றுகிறவரிடமும் மெதுவா. கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லித் துறைமுகத்தில் விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "மெதுவா அண்ணனா? அதோ, அந்தக் கடைசிப் படகு" என்று கை நீளும்.

அந்தக் கடைசிப் படகு இழுவைப் படகுதான். ஆனால் பின்னால் ஒற்றை வலையைக் கட்டி இழுக்கும் ரகத்தைச் சேர்ந்ததில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்தாற்போல அதன் இருபுறமும் இரண்டு இரும்புத் தூண்கள் கடலுக்கு மேலே நீண்டிருக்கும். பூம் என்பார்கள். ஒவ்வொரு பூமின் நுனியிலிருந்தும் ஒரு கம்பிவடம் தண்ணீருக்குள் இறங்கும். வடத்தின் மறுமுனையில், கடலடித் தரையில், படுக்கைவாட்டில் ஒரு கனத்த இரும்புக் குழாய் ஊர்ந்துகொண்டிருக்கும். அதுதான் பீம். வலையின் வாயை மூடவிடாமல் திறந்து வைத்திருப்பது அதுதான். குழாயின் இரண்டு முனைகளிலும், தரையில் வழுக்கிக்கொண்டு போவதற்கு இரும்புப் பாதங்கள் உண்டு. படகில் அவற்றைச் செருப்பு என்கிறார்கள். செருப்பு மாதிரியேதான் தேயவும் செய்யும். கரைக்கு வந்ததும் வெல்டிங்காரர் அடியில் புது இரும்பு வைத்து ஒட்டித் தர வேண்டும். "என் செருப்பு அறுந்தா ஊக்கு குத்திக்கிட்டு நடக்கறேன். இதுக்கு மட்டும் ராஜ உபசாரம்" என்பார் மெதுவா.

பீமுக்குப் பின்னால், வலைக்கு முன்னால், வரிசையாகச் சங்கிலிகள். வலை தேடிப் போவது நாக்கு மீனை. அது மண்ணுக்குள் உடம்பைப் புதைத்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்கும் பிராணி. வெறும் வலை போனால் தலைக்கு மேலே போய்விட்டது என்று சும்மா இருந்துவிடும். சங்கிலி அதன் படுக்கையையே கிளறும். துள்ளி எழுகிற மீனுக்கு எதிரே வலையின் வாய் வந்துகொண்டிருக்கும். வலையின் வால்பகுதியில் ஒரு பை, மடி என்று பெயர். மடியின் வாயை ஒரே ஒரு முடிச்சுதான் மூடியிருக்கும். மேலே தூக்கித் தளத்துக்கு நேராகத் தொங்கவிட்டு அந்த முடிச்சை இழுத்தால், கடலடியில் ஒரு துண்டு அப்படியே வந்து விழும். நாக்கு மீனோடு நட்சத்திர மீன், நண்டு, உடைந்த சிப்பி, கல், யாரோ எப்போதோ தொலைத்த ஒற்றை பூட்ஸ். வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கடலுக்கே தள்ளிவிடுவார்கள். தள்ளியதில் பாதிக்கு உயிர் இருக்காது.

அந்தத் தள்ளும் வேலை நடக்கும்போது மட்டும் மெதுவா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருமுறை கேட்டதற்குச் சொன்னார். "அடியில நாம என்ன பண்றோம்னு நாம பாத்ததே இல்ல. பாத்திருந்தா பண்ணுவோமான்னு எனக்குத் தெரியல." சொல்லிவிட்டு, அடுத்த இழுவைக்கு வடத்தை இறக்கப் போய்விட்டார். வீட்டில் உலை வைக்க வேண்டுமே.

வீட்டிலும் அந்த உள்ளங்கை சும்மா இருக்காது. துணி துவைக்கும் இயந்திரம் ஓடினால் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். "என்னங்க, அது துணி துவைக்குது. மீன் பிடிக்கல" என்று மனைவி கையைத் தட்டிவிட வேண்டியிருக்கும். சாப்பாட்டில் உப்பு குறைகிறதா என்று அந்த அம்மாள் கேட்டால், "ஆமா, சாயங்காலம் வர்றதாதான் சொன்னான்" என்று பதில் வரும். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் வீட்டுக்கு வருகிறவர்களின் விவரம் கிடைத்துவிடுகிறது என்று அந்த அம்மாள் சொல்வதுண்டு.

படகின் கேப்டன் அவருடைய சொந்தத் தம்பி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் கேப்டன் பரீட்சைக்குப் போனார்கள். காதுப் பரிசோதனையில் அண்ணன் நின்றுபோனார். தம்பி தேறினான், பிறகு படகும் வாங்கினான். கரையில் அவன் அண்ணன் முன்னால் சத்தமாகப் பேச மாட்டான். கயிற்றை அவிழ்த்துப் படகு நகர்ந்துவிட்டால் அவன் வைத்ததுதான் சட்டம். அண்ணனுக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. "ஒரு படகுல ரெண்டு வாய் எதுக்கு? எனக்குக் காதும் இல்ல, வாயும் வேணாம்" என்று சிரிப்பார். சுக்கான் தம்பியிடம், வின்ச் அண்ணனிடம் என்று நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

இந்த வகைப் படகுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. இழுவை முழுவதும் பூம்களின் நுனியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுக்கும்வரை படகு தராசு முள்ளைப் போல நேராக நிற்கும். ஒரு பக்கத்து வலை பாறையிலோ மூழ்கிய கப்பலிலோ மாட்டிக்கொண்டால், அந்தப் பக்கத்து நுனி படகைக் கீழே பிடித்து அழுத்தத் தொடங்கிவிடும். உடனே எஞ்சினைத் தணித்து, வடங்களைத் தளர்த்த வேண்டும். அப்புறம் மாட்டிய வடத்தைப் பூமின் நுனியிலிருந்து கழற்றிப் படகின் விலாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்துதான் இழுத்து விடுவிக்க வேண்டும். அதற்கு நேரமாகும், பொறுமையும் வேண்டும். நுனியில் வைத்தபடியே இழுக்கவே கூடாது.

அன்று முற்பகல் இடதுபுற வலை மாட்டியது. காற்று அதிகமில்லை. ஆனால் எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலைகள் நீள நீளமாக வந்துகொண்டிருந்தன. வலை புத்தம் புதியது. அதுதான் அதன் முதல் பயணம். தம்பி எஞ்சினைத் தணித்தான். வடத்தை விலாவுக்கு மாற்றச் சொல்லுவான் என்று மெதுவா காத்திருந்தார். அவன் கேபின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கட்டைவிரலை மேலே காட்டினான். ஏற்று என்று அர்த்தம். அலை படகைத் தூக்கும்போது வலையும் சேர்ந்து கிளம்பிவிடும் என்பது அவன் கணக்கு.

மெதுவா தலையை ஆட்டி மறுத்தார்.

"ஏத்துண்ணே! ஏத்துன்னா ஏத்து!" சத்தம் கேட்கவில்லை, வாய் அசைந்தது தெரிந்தது. ஏற்றினார்.

வடம் விறைத்தது. படகு இடப்பக்கம் சாய்ந்தது. மீன் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளத்தில் வழுக்கிப்போய் விளிம்பில் மோதின. அலை வந்து படகை எழுப்பப் பார்த்தது. இடதுபுறம் எழ முடியவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து அவருடைய முழங்காலைத் தொட்டது. அப்போது உள்ளங்கையில் இருந்த நடுக்கம் நின்றுபோனது. இத்தனை வருடங்களில் வின்ச் அப்படி அசையாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. இரும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

மீன் பிரிக்கும் வேலை செய்பவர் ஒருவர் இருந்தார். வேலை முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பார் என்பதால் அவர் பாட்டுக்காரர். படகு சாய்ந்ததும் அவர் தவழ்ந்து வலப்பக்கத்து மேட்டுக்குப் போயிருந்தார். யாராக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள். வலதுபுறத்து வடம் வின்ச்சிலிருந்து தளத்தின் வழியே பூமுக்கு ஏறுகிற இடம் அது. இடது வடத்தை மட்டும் விட்டால் படகு வலப்பக்கம் தூக்கி எறியப்படும். அங்கே தொங்குகிற வலையின் கனமும் சேர்ந்துகொள்ளும். விடுவதானால் இரண்டையும் ஒன்றாக விட வேண்டும்.

மெதுவா அந்தப் பக்கம் பார்த்தார். "தள்ளு! தள்ளிப் போ!" என்று கத்தினார். அடுத்த அலை எழுந்துகொண்டிருந்தது. இரண்டு பிரேக்குகளையும் விட்டார்.

வடங்கள் அலறிக்கொண்டு ஓடின. இடதுபுற வடம் கடைசிச் சுற்று வரை ஓடி உருளையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. படகு உலுக்கி எழுந்து, வலப்பக்கம் ஒருமுறை ஆழமாகச் சாய்ந்து, நேரானது. வலதுபுற வடத்தின் தொய்ந்த வளையம் ஒன்று பாட்டுக்காரரின் காலைப் பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்து, ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நடையிலேயே தம்பி கேட்டான். "யாரைக் கேட்டுண்ணே விட்ட?"

அண்ணனின் பார்வை பாட்டுக்காரரைக் கொண்டுபோன கதவின் மேலேயே இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு அலை. அதுவே தூக்கிக் குடுத்திருக்கும். நான் பாத்துட்டுதானே இருந்தேன்? வலையும் போச்சு, அவர் காலும் போச்சு."

துறைமுகத்தில் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். மெதுவா அன்று விடாமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் சேர்த்து மாலை போட்டிருப்போம் என்றார்கள் சிலர். அவருக்குக் காதுதான் போச்சென்று பார்த்தால் நிதானமும் போய்விட்டது என்றார்கள் சிலர். கவிழாத படகு எதற்கும் சாட்சி சொல்லாது. ஒரு கீறல்கூட இல்லாமல் அது கரையோரத்தில் நேராக நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது பாட்டுக்காரரின் மடித்துக் கட்டிய கால்சட்டை மட்டும்தான்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க வாயைத் திறந்து சொல்லுங்களேன். நீங்க விடலைன்னா அத்தனை பேரும் போயிருப்பீங்கன்னு சொல்லுங்க. உங்க தம்பி உட்பட!"

"எனக்குத் தெரியாதே."

"என்ன தெரியாது?"

"போயிருப்போமான்னு தெரியாது. போயிடுவோம்னு தோணுச்சு. விட்டேன்."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாட்டுக்காரர் வீட்டுக்கு வந்த பிறகு, கரையில் இருக்கும் நாட்களில் எல்லாம் மெதுவா அவரைப் பார்க்கப் போனார். ஒரே அறையுள்ள வீடு. கட்டில், சுவரில் சாய்த்த ஊன்றுகோல், அதற்குப் பக்கத்தில் இனி ஜோடி சேராத ஒரு செருப்பு. பாட்டுக்காரரின் மனைவி, "வாங்கண்ணே" என்று நாற்காலியைப் போட்டு டீ கொடுப்பார். பாட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீ முடிந்ததும் மெதுவா எழுந்து வந்துவிடுவார். இப்படியே பல தடவை.

ஒருநாள் பாட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். மெதுவாவுக்கு விழவில்லை.

"என்னய்யா?"

மறுபடி கேட்டார். மறுபடியும் விழவில்லை. காதோடு காதாகக் கேட்க வேண்டிய கேள்வியை, கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி அவர் கத்த வேண்டியதாயிற்று.

"பிரேக்கை விட்டப்போ என்னைப் பாத்தியான்னு கேக்கறேன்!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. வாசலில் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இதை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. தம்பி கேட்கவில்லை, விசாரணைக்கு வந்தவர்களும் கேட்கவில்லை. சாய்ந்த படகில், அந்த அவசரத்தில், யார் எங்கே நின்றார்கள் என்று பார்க்க எவருக்கும் முடிந்திருக்காது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். மெதுவாவும் வாய் திறக்காமல் இருந்துவிட்டார். இல்லை என்று ஒரு தலையசைப்பு போதும். அந்த வீட்டில் அவருடைய நாற்காலி பத்திரமாக இருக்கும்.

"பாத்தேன்" என்றார்.

"பாத்துட்டா விட்ட?"

"பாத்துட்டுத்தான் விட்டேன்."

பாட்டுக்காரர் வாசலைக் காட்டினார். "எந்திரி. போயிடு."

போய்விட்டார். அடுத்த முறை கரைக்கு வந்ததும் மறுபடி அந்த வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த முறையும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நிற்பார், வருவார். "இப்படி அவமானப்படறதுக்கு ஏன் போறீங்க?" என்று மனைவி கேட்டார். "அவரு போன்னாரு, வராதேன்னு சொல்லல" என்றார்.

ஒருநாள் கதவு திறந்தது. திறந்தவர் பாட்டுக்காரரேதான், ஊன்றுகோலோடு.

"தெரியாம நடந்துபோச்சுன்னு நீ சொல்லியிருந்தா, இந்த வாசப்படியை மிதிக்க விட்டிருக்க மாட்டேன்" என்றார், கேட்கும்படியாக. "நீ என்னைப் பாத்தப்ப நானும் உன்னைப் பாத்துட்டுதான்யா இருந்தேன். உன் மூஞ்சி இன்னும் என் கண்ணுல நிக்குது." நாற்காலியை ஊன்றுகோலால் முன்னே தள்ளினார். "உக்காரு."

இப்போது பாட்டுக்காரர் துறைமுகத்துக் கொட்டகையில் கிழிந்த வலைகளைச் சரிசெய்கிறார். கை வேகமாக ஓடுகிறது. பாட்டு இன்னும் வரவில்லை. மெதுவா அங்கே போனால் இருவரும் ஒரு பலகையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாக வலையைப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவார்கள்.

தம்பி அந்தக் கொட்டகைப் பக்கமே வருவதில்லை. பணம் கொடுத்தனுப்புவான், மருந்து அனுப்புவான், ஆள் வரமாட்டான். படகுக்குப் புது வின்ச் வைத்தான். அதன் பிரேக்குகளை இயக்கும் விசைகள் கேபினுக்குள், சுக்கானுக்குப் பக்கத்திலேயே இருந்தன. "இனிமே எல்லாம் என் கையிலயே இருக்கட்டும்ணே. உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றான், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லது" என்றார் அண்ணன்.

மூட்டை கட்டிக்கொண்டு வேறு படகுக்குப் போய்விடுவார் என்று துறைமுகத்தில் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. புது வின்ச்சின் உடம்பிலும் இடது கையை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். வலது கைக்குத்தான் வேலை இல்லை. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, தூறலோடு கடல் கலங்கிக் கிடந்தது. இழுவை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மெதுவா திடீரென்று கையை எடுத்தார். தளத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேபினின் பின்சுவரோடு சேர்த்து நிறுத்தினார். ஒருவர் "என்னண்ணே, என்ன பண்ணோம்?" என்று திமிறினார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வலதுபுற வடம் விறைத்தது. படகு நின்று, சாய ஆரம்பித்தது.

இந்த முறை யாரும் ஏற்றச் சொல்லவில்லை. எஞ்சின் சத்தம் இறங்கியது. அப்படியும் சாய்வு நிற்கவில்லை. பின்னாலிருந்து வந்த நீரோட்டம் படகை முன்னால் தள்ளி, மாட்டிய வடத்தை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தது. மெதுவா வலது கையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு கேபின் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் தம்பியின் முகம் தெரிந்தது. இரண்டு விசைகளையும் பிடித்திருந்த கைகள் தெரிந்தன. அவனுக்குப் பக்கத்தில் கேட்பதற்கோ திட்டுவதற்கோ ஒருவரும் இல்லை. தண்ணீர் விளிம்புக்கு வந்தது, விளிம்பைத் தாண்டியது.

தம்பி விட்டான். இரண்டையும் விட்டான்.

வடங்கள் ஓடி முடிந்தன. படகு எழுந்து, ஆடி, நின்றது. தளத்தில் தண்ணீர் அங்குமிங்கும் அலைந்து வடிந்தது. சுவரோரம் நின்ற இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் தம்பி ஏணியில் இறங்கி வந்தான். மழைக்கோட்டை மாட்டியிருந்தான், மூடவில்லை. காற்று அதை இருபுறமும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பனியன் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. தளம் முழுவதையும், வடங்கள் ஓடிய இரண்டு பக்கங்களையும் பார்த்தான். சுவரோரம் நின்ற இருவரைப் பார்த்தான். அண்ணனுக்கு மிக அருகில் வந்து நின்றான்.

"அண்ணே..." அண்ணனுடைய காதுக்கருகே குனிந்து சொன்னான். "விட்டப்போ அந்தப் பக்கம் யாராவது நிக்கறாங்களான்னு... நான் பாக்கவே இல்லண்ணே. பாக்கணும்னே எனக்குத் தோணல."

மெதுவா சட்டைப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். தம்பியின் மழைக்கோட்டின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்தார். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே மேலே வந்து, கழுத்துப் பட்டையை நிமிர்த்திவிட்டார்.